இறங்காத புயல் கூண்டு: சொரியாசிஸ் பற்றி மருந்துக்கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாம்பன் பாலத்துக்கு இந்தப் பக்கம், மண்டபம் சாலையில் இருபத்திரண்டு வருடமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை, பார்மசி படித்தவன். ஆனால் தோல் படலம் படலமாகத் தடித்துச் செதில் உதிரும் சொரியாசிஸ் எனக்கே இடது முழங்கையில் உண்டு என்பதால், கடைக்கு வருகிறவர்கள் சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டிவிட்டு என்னிடம் கூச்சமில்லாமல் கேட்பார்கள். அவர்கள் கேட்டதையும் நான் சொன்னதையும் இங்கே எழுதி வைக்கிறேன். கல்லாவில் கூட்டம் நிற்கும்போது பாதியில் விட்டதையெல்லாம் முடித்திருக்கிறேன்.

"எதிர்ப்பு சக்தி கம்மியாகிப் போச்சாண்ணே? அதுக்கு ஒரு டானிக் குடுங்களேன்."

அதிகம் கேட்கப்படுவது இதுதான், அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டதும் இதுதான். சொரியாசிஸில் எதிர்ப்புச் சக்தி குறையவில்லை. தேவையில்லாத இடத்தில், தேவையில்லாத நேரத்தில், மும்முரமாக வேலை செய்துகொண்டிருக்கிறது. அதற்குச் சத்து ஏற்றும் பொடியும் கஷாயமும் வாங்குவது, ஏற்கெனவே கத்திக்கொண்டிருக்கிறவன் கையில் மைக் கொடுப்பதுபோல. "இம்யூனிட்டி" என்று பெரிய எழுத்தில் போட்ட டப்பாக்கள் என் கடையிலும் இருக்கின்றன. சொரியாசிஸ்காரர்களுக்கு நான் எடுத்துக் கொடுப்பதில்லை.

ரத்தம் கெட்டுப்போகவும் இல்லை. அழுக்கும் காரணமில்லை. பீர்க்கங்கூடு போட்டுத் தேய்த்துக் குளித்தால் போய்விடும் என்று நினைத்துத் தேய்ப்பவர்களுக்கு அது கூடுகிறது. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

"அழற்சின்னா அலர்ஜிதானே?"

இல்லை. பெயர்கள் காதுக்கு ஒன்றுபோல் விழுவதால் வந்த வினை இது. நண்டு தின்ற அரைமணியில் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, மாத்திரை போட்டதும் இரண்டு மணி நேரத்தில் அடங்கினால் அது அலர்ஜி. ஹிஸ்டமின் என்ற பொருள் செய்யும் வேலை அது. அதற்குச் செட்ரிசின் கேட்கும். அழற்சி என்பது உடம்பு தன் காயத்தையும் கிருமியையும் சமாளிக்க மூட்டும் சூடு: சிவப்பு, வீக்கம், வெப்பம், வலி. தூண்டில் முள் குத்திய விரல் மறுநாள் வீங்குவதும் அழற்சிதான். அது நாலு நாளில் வேலை முடிந்து அடங்குகிறது. சொரியாசிஸில் அடங்குவதில்லை. அதனால்தான் செட்ரிசின் போட்டால் தூக்கம் வருகிறது, படலம் அப்படியே இருக்கிறது.

"தோலுக்குள்ள அப்படி என்னதான் நடக்குது?"

புயல் வரும்போது பாம்பன் துறைமுகத்தில் கூண்டு ஏற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒன்றாம் எண் ஏறினால் பேச்சு மாறும், எண் கூடக் கூட கடலுக்குப் போகத் தரும் டோக்கன் நின்றுபோகும், வள்ளங்களைக் கரையேற்றுவார்கள், நங்கூரத்தை இரட்டிப்பாக்குவார்கள். புயல் ஒதுங்கியதும் கூண்டை இறக்குவார்கள், ஊர் தொழிலுக்குத் திரும்பும். சொரியாசிஸ் என்பது இறக்கப்படாத கூண்டு.

தோலில் டென்ட்ரிடிக் செல்கள் என்று சில காவலாளிகள் உண்டு. கிளைகிளையாகக் கைநீட்டிக்கொண்டு, வருவது போவதை மோப்பம் பிடிப்பவை. ஏதோ ஒன்றைக் கண்டு மிரண்டால் அவை இன்டர்லூக்கின் 23 என்ற செய்திப் பொருளை விடும். அதுதான் கூண்டு. அதைப் பார்த்து டி செல்கள் என்ற வெள்ளையணுக்களில் ஒரு கூட்டம் முறுக்கேறி, இன்டர்லூக்கின் 17, இன்டர்லூக்கின் 22 என்ற பொருள்களைச் சுரக்கும். டிஎன்எஃப் ஆல்ஃபா என்ற இன்னொன்று எல்லோருடைய குரலையும் பெருக்கிவிடும்.

இந்தக் கூச்சல் தோலின் மேலடுக்கில் இருக்கும் கெரட்டினோசைட் செல்களுக்குக் கேட்கிறது. காயம் பட்டுவிட்டது, சீக்கிரம் மூடு என்று அவை எடுத்துக்கொள்கின்றன. சாதாரணமாக அடியில் பிறந்த செல் மேலே வந்து உதிர ஒரு மாதம்போல் ஆகும். சொரியாசிஸில் நான்கைந்து நாளில் மேலே வந்துவிடுகிறது. முதிராத செல்கள் ஒன்றன்மேல் ஒன்று குவிந்து நிற்பதுதான் அந்த வெள்ளிச் செதில். ரத்தக் குழாய்கள் விரிந்து மேற்பரப்புக்கு அருகில் வந்து நிற்பதால், செதிலைப் பிய்த்தால் ஊசிமுனைபோல ரத்தம் துளிர்க்கும். அதிலும் ஒன்று: புத்தகங்களில் இருக்கும் படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் எடுத்தவை, ரோஜாச் சிவப்பாக இருக்கும். நம் தோலில் அது கருஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ சாம்பல் பூத்த பழுப்பாகவோதான் தெரியும். "சிவக்கலையே, அப்ப இது வேறயோ" என்று குழம்ப வேண்டாம்.

இதோடு முடிந்தால் பரவாயில்லை. கூச்சல் கேட்ட கெரட்டினோசைட்டுகள் தங்கள் பங்குக்கு நியூட்ரோஃபில் என்ற வேறு வகை வெள்ளையணுக்களையும் இன்னும் பல டி செல்களையும் அழைக்கின்றன. கிருமிகொல்லிப் புரதங்களைச் சுரக்கின்றன. அதில் எல்எல் 37 என்ற ஒன்று, சிதைந்த நம் செல்லின் டிஎன்ஏவோடு ஒட்டிக்கொண்டு, அதை வைரஸ் என்று காவலாளி செல்களை நம்பவைக்கிறது. ஊர் ஓடுவதைப் பார்த்துக் கூண்டின் எண்ணை ஏற்றுகிறார்கள், கூண்டைப் பார்த்து ஊர் இன்னும் ஓடுகிறது. இந்தச் சுழல்தான் நோய்.

அந்தக் கிருமிகொல்லிப் புரதங்கள் குவிந்து கிடப்பதால், இவ்வளவு வெடித்துக் கிடக்கும் தோலில் சீழ் பிடிப்பது எக்சிமா என்ற அரிப்புத் தோல் நோயோடு ஒப்பிட்டால் குறைவு. எதிர்ப்புச் சக்தி குறைவு என்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

"இதெல்லாம் எதிர்ப்பு சக்தி வேலைன்னு எப்படிக் கண்டுபிடிச்சாங்க?"

கல்லூரியில் படிக்கும் ஒரு பையன் கேட்டது. நல்ல கேள்வி. நீண்ட காலம் இதைத் தோல் செல் தறிகெட்டு வளரும் நோய் என்றே நினைத்தார்கள். உறுப்பு மாற்றுச் சிகிச்சையில், புதுச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் இருக்கக் கொடுக்கும் மருந்து சைக்ளோஸ்போரின். அது டி செல்களை அடக்கும். 1979இல் அதை மூட்டு நோய்க்குக் கொடுத்துப் பார்த்தபோது, சொரியாசிஸும் இருந்தவர்களுக்குத் தோல் தெளிந்தது. தோலைத் தொடாத மருந்து தோலைச் சரிசெய்தது என்றால், கோளாறு வேறிடத்தில் என்றுதானே அர்த்தம்? எலும்பு மஜ்ஜை மாற்றில், தானம் கொடுத்தவருக்கு இருந்த சொரியாசிஸ் பெற்றவருக்கு வந்ததும், ஏற்கெனவே சொரியாசிஸ் இருந்தவருக்கு இல்லாதவரின் மஜ்ஜை ஏறியபின் மறைந்ததும் பதிவாகியிருக்கின்றன. பிறகு இன்டர்லூக்கின் 23, 17 இரண்டையும் குறிவைத்துத் தடுக்கும் ஊசிகள் வந்து, படலங்கள் மறைந்தபோது சந்தேகம் தீர்ந்தது.

"முதல்ல யாரு கூண்டை ஏத்துனது?"

பரம்பரையும் உண்டு, சூழலும் உண்டு. எச்எல்ஏ சி 06 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்கு வாய்ப்பு கூடுதல். தாய் தந்தையரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர ஏறத்தாழ பத்தில் ஒரு வாய்ப்பு. இருவருக்கும் இருந்தால் பாதிக்குப் பாதி வரை போகலாம். ஆனால் ஒரே கருவில் பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு இருந்து மற்றவருக்கு வராமலே போனதும் உண்டு. ஆகவே தலையெழுத்து மட்டும் இல்லை.

சூழல் என்றால்: ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் தொண்டை கட்டுவது (பள்ளிப் பிள்ளைகளுக்குத் தொண்டை வலி போய் இரண்டு மூன்று வாரத்தில் உடம்பெல்லாம் மழைத்துளிபோல் சின்னச் சின்னப் படலம் வரும்), மனக்கவலை, சாராயம், பீடி சிகரெட், உடல் பருமன். வயிற்றுக் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. அதுவும் டிஎன்எஃப் ஆல்ஃபாவைச் சுரக்கிறது. சில மாத்திரைகளும் கிளப்பும்: மனநோய்க்குத் தரும் லித்தியம், பிரஷருக்கும் படபடப்புக்கும் தரும் புரோபிரனலால் போன்றவை, மலேரியாவுக்கான குளோரோகுயின். அதற்காக நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். மருத்துவரிடம் சொல்லி மாற்றுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்காரர்கள் சிலர் அந்த இரண்டு மாதத்தில்தான் கூடிப்போச்சு என்று வருவார்கள். வருமானமில்லாத கவலை, பகலெல்லாம் நிழலில் இருப்பது, சாயங்காலம் குடி. மூன்றும் சேர்ந்த காலம் அது என்பது என் கணிப்பு.

"ஏன் முழங்கையிலயும் முட்டியிலயும் மட்டும்?"

உரசல். காயம் பட்ட இடத்தில், பத்துப் பதினைந்து நாளில் புதுப் படலம் முளைப்பதை ஜெர்மானிய மருத்துவர் கோப்னர் 1870களிலேயே கவனித்தார். சிராய்ப்பு, பச்சை குத்தல், வெயில் கொப்பளம், இறுக்கமான அரைஞாண் கயிறு எதுவும் போதும். காவலாளிகள் ஏற்கெனவே மிரண்டு நிற்கும் உடம்பில் சின்னக் கீறலும் புயல் செய்திதான். அதனால்தான் பீர்க்கங்கூடு வேண்டாம் என்றேன்.

நம் பக்கத்துத் தொழில்கள் எல்லாமே உரசல் தொழில்கள். சாயல்குடிப் பக்கம் பனையேறும் அண்ணன் ஒருவருக்கு நெஞ்சிலும் கணுக்காலிலும். மரிக்கொழுந்துப் பாசி எடுக்கப் போகும் அக்காமார் விரலில் துணி சுற்றிக்கொண்டுதான் பாறையைத் தடவுவார்கள். துணி நழுவிய விரல்களில் இருக்கும். வாலிநோக்கம் உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்குக் குதிகால் வெடிப்பில். எனக்கு இடது முழங்கை, ஏனென்றால் கல்லா மேசையில் அதை ஊன்றித்தான் நாள் முழுக்க நிற்கிறேன். ஒரு தலையணை உறையை நாலாக மடித்துப் போட்ட பிறகு பாதி குறைந்தது.

"தொட்டா ஒட்டுமா?"

ஒட்டாது. ஒரே தட்டில் சாப்பிடலாம், ஒரே பாயில் படுக்கலாம், பிள்ளைக்குப் பால் கொடுக்கலாம். கிருமியே இல்லாதபோது எது ஒட்டும்?

"இது படைதானே? படைக் களிம்பு குடுங்க."

இங்கேதான் நான் வியாபாரத்தை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் பார்ப்பேன். உப்புக் காற்றும் வியர்வையும் உள்ள ஊர் என்பதால் நிஜமான பூஞ்சைப் படையும் ஏராளம். அது வளையமாகப் பரவும், ஓரம் தடித்து நடு தெளியும், இடுக்குகளில் வரும், வீட்டில் நாலு பேருக்கு ஒட்டும். சொரியாசிஸ் நடுவிலும் தடித்து, காய்ந்த மீன் செதில்போல் உதிரும். தலையில், முழங்கையில், முட்டியில், இடுப்புக்குப் பின்னால் வரும். நகத்தில் ஊசியால் குத்தியதுபோல் குழிகள் இருக்கும். ஆனாலும் கண்ணை நம்பி ஏமாந்த தோல் மருத்துவர்களே உண்டு. சுரண்டி எடுத்துப் பார்க்கும் சின்னப் பரிசோதனை தீர்த்துவைக்கும். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறந்த பிறகு இதற்கெல்லாம் மதுரை பஸ் பிடிக்க வேண்டியதில்லை.

குளோபெட்டசால் என்ற வீரியமான ஸ்டீராய்டு கலந்த மூன்றுமருந்துக் களிம்பைச் சீட்டில்லாமல் கேட்காதீர்கள். படையில் பூசினால் அரிப்பு அடங்கும், பூஞ்சை உள்ளே செழிக்கும். சொரியாசிஸில் மாதக்கணக்கில் பூசினால் தோல் காகிதமாக மெலியும்.

"கருவாடு, கத்திரிக்காய், நண்டு எல்லாம் கரப்பான் பண்டமாச்சே?"

கரப்பான் என்று பாட்டிமார் சொன்னது பல தோல் நோய்களுக்குமான பொதுப்பெயர். அதில் அலர்ஜியும் இருந்தது, எக்சிமாவும் இருந்தது. சொரியாசிஸுக்கு எல்லோரும் விலக்கவேண்டிய மீன் என்று ஒன்று இல்லை. உங்களுக்கு ஒன்று தின்றால் கூடுகிறது என்று இரண்டு மூன்று முறை பார்த்துவிட்டால் அதை மட்டும் விடுங்கள். சாளையும் சூடையும் தாராளமாகச் சாப்பிடலாம்; அவற்றின் கொழுப்பு அழற்சியைத் தூண்டாத வகை. ஆனால் மீன் எண்ணெய் மாத்திரையால் படலம் போகும் என்று விற்பவர்களை நம்பாதீர்கள். ஆய்வுகள் ஒரே பதிலைத் தரவில்லை. எடை கூடியவர்கள் எடை குறைத்தால் படலம் குறையும், மருந்தும் நன்றாகக் கேட்கும். சாப்பாட்டு விஷயத்தில் இது ஒன்றுதான் உறுதியானது.

"கடல்ல குளிச்சா போயிடும்னு சொல்றாங்க. அக்னி தீர்த்தத்துல முங்கலாமா?"

முங்கலாம். இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடலாம். தீங்கில்லை. உப்புநீர் செதிலை ஊறவைத்துக் கழற்றும். ஆனால் கூண்டை இறக்குவது தண்ணீர் இல்லை, வெயில். சூரியனின் புற ஊதாக் கதிர் தோலில் இருக்கும் டி செல்களைச் சாகடிக்கிறது. சாக்கடல் கரைக்கு வெளிநாட்டுக்காரர்கள் வாரக்கணக்கில் போய்ப் படுப்பதும் பெரும்பாலும் இதற்காகத்தான். நம் மீனவர்களில் சிலருக்குக் கையும் முதுகும் தெளிவாக இருக்கும், கைலி மறைக்கும் இடத்தில் மட்டும் படலம் இருக்கும், கவனித்துப் பாருங்கள்.

அதற்காக மண்டை பிளக்கும் வெயிலில் கிடந்து தோல் பொசுங்கினால் கோப்னர் கணக்கில் புதிதாக முளைக்கும். காலை வெயில், பத்துப் பதினைந்து நிமிடம். குளித்து வந்ததும் நல்ல தண்ணீர் ஊற்றி, துண்டால் தேய்க்காமல் ஒற்றி, ஈரம் காயுமுன் தேங்காயெண்ணெயோ வாசலினோ பூசுங்கள். மருத்துவமனையில் இதையே அளந்து கொடுப்பார்கள்: 311 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதா ஒளி, வாரம் இரண்டு மூன்று முறை. நல்ல சிகிச்சைதான். ராமேஸ்வரம் தீவில் இருப்பவர் வாரம் மூன்று நாள் கூலியை விட்டுவிட்டு எப்படிப் போவது என்பதற்குத்தான் என்னிடம் பதில் இல்லை.

"வாரத்துக்கு ஒரு மாத்திரை எழுதியிருக்காங்க. தினம் போட்டா சீக்கிரம் குணமாகுமா?"

போடவே போடாதீர்கள். அது மெத்தோட்ரெக்சேட். முறுக்கேறிப் பெருகும் டி செல்களை அடக்கும் பழைய, மலிவான, நல்ல மருந்து. வாரம் ஒருமுறை மட்டும். தினமும் போட்டால் எலும்பு மஜ்ஜை படுத்துவிடும். வாய் முழுக்கப் புண், ரத்த அணுக்கள் சரிவு, உயிரே போயிருக்கிறது. நான் அட்டையின் பின்னால் பேனாவால் கிழமையை எழுதிக் கொடுப்பேன். தங்கச்சிமடத்து அண்ணனுக்கு ஞாயிறு, பூசை முடிந்து. கீழக்கரைக் காக்காவுக்கு (அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) வெள்ளி, ஜும்மா முடிந்து. மறக்காது. ஃபோலிக் அமிலத்தை மருத்துவர் சொன்ன மற்ற நாளில் போடுங்கள். ரத்தமும் ஈரலும் சொன்ன தேதியில் சோதியுங்கள். இந்த மாத்திரையும் சாராயமும் ஒரே ஈரலில் சேரக் கூடாது.

"லட்சக்கணக்குல ஒரு ஊசி இருக்காமே?"

பயோலாஜிக் ஊசிகள். மொத்த எதிர்ப்புச் சக்தியையும் அமுக்காமல், கூச்சலில் ஒரு குரலை மட்டும் பிடிப்பவை. அடாலிமுமாப் டிஎன்எஃப் ஆல்ஃபாவை, செகுகினுமாப் இன்டர்லூக்கின் 17ஐ, குசெல்குமாப் இன்டர்லூக்கின் 23ஐ. டி செல்லின் மேலிருக்கும் சிடி 6 என்ற புரதத்தைப் பிடிக்கும் இட்டோலிசுமாப் பெங்களூரு பயோகான் நிறுவனத்திலிருந்து 2013இல் வந்தது. அடாலிமுமாப்பின் இந்தியத் தயாரிப்புகள் வந்தபிறகு விலை இறங்கியது. ஆனாலும் கூலித் தொழிலாளிக்கு எட்டும் விலை இல்லை.

போடுமுன் காசநோய் சோதனை கட்டாயம். டிஎன்எஃப் ஆல்ஃபாதான் நுரையீரலில் தூங்கும் காசநோய்க் கிருமியைக் கட்டிவைத்திருக்கும் கயிறு. அதை அறுத்தால் கிருமி எழுந்துகொள்ளும்.

"வெட்பாலைத் தைலம் போடலாமா?"

போடலாம். வெட்பாலை இலையைத் தேங்காயெண்ணெயில் போட்டு வெயிலில் வைத்து, ஊதா நிறம் ஏறிய தைலம். சித்த மருத்துவர்கள் காளாஞ்சகப்படைக்கு (சொரியாசிஸுக்கு அவர்கள் சொல்லும் பெயர்) இதைத்தான் முதலில் கொடுப்பார்கள். செதில் மெதுவாகும், வறட்சி குறையும். லேசான நோய்க்கு அதுவே போதுமானவர்களும் உண்டு. என் பயம் வேறு: பெயர் எழுதாத பொட்டலத்தில் வரும் மாத்திரை. பத்து நாளில் பளிச்சென்று தெளிந்தால் சந்தோஷப்படாதீர்கள், ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். அதை நிறுத்தும் நாளில் முன்னைவிடப் பலமடங்காகத் திரும்பும், சில நேரம் உடம்பெல்லாம் சீழ்க்கொப்பளமாக. என் பெரியப்பா மகனுக்கு அப்படி வந்தது. பொட்டலம் கொடுத்தவரின் பெயர் இப்போது எதற்கு? அண்ணன் பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

"சுத்தமா போயிருந்துச்சு. அதே இடத்துல திரும்ப வருதே?"

படலம் மறைந்தாலும் அந்த இடத்துத் தோலில் சில டி செல்கள் குடியேறித் தங்கிவிடுகின்றன. நினைவுச் செல்கள். வருடக்கணக்கில் சத்தமில்லாமல் இருந்து, தூண்டல் கிடைத்ததும் அதே இன்டர்லூக்கின் 17ஐ அதே இடத்தில் விடும். "முழுக்கக் குணம்" என்று யாராவது பணம் கேட்டால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். அடக்கி வைக்கலாம், வருடக்கணக்கில் தெளிவாகவும் இருக்கலாம்.

"விரல் மூட்டும் வலிக்குதுன்னு ராத்தா (அக்கா) சொல்லச் சொன்னாங்க. இதுக்கும் அதுக்கும் சம்பந்தமா?"

உண்டு. சொரியாசிஸ் உள்ளவர்களில் மூன்றில் ஒரு பங்கு வரை மூட்டுக்கும் அழற்சி போகலாம். காலையில் அரைமணிக்கு மேல் விரல் மடங்காமல் இருப்பது, ஒரு விரல் முழுக்க வாழைக்காய்போல் வீங்குவது, குதிகால் வலி, இவை அறிகுறிகள். வலைப் பொத்தல் அடைக்கும் விரலில் வந்தால் வேலைக் களைப்பு என்று தள்ளிப்போடுவார்கள். தள்ளிப்போட்டால் மூட்டு நிரந்தரமாகக் கோணும். நீண்ட கால அழற்சி ரத்தக் குழாயையும் விடாது. சர்க்கரை, பிரஷர், கொழுப்பு மூன்றையும் வருடம் ஒருமுறை பாருங்கள்.

"எப்ப ராத்திரின்னாலும் ஓடணும்?"

உடம்பு முக்கால்வாசி சிவந்து, குளிர் நடுங்கினால். காய்ச்சலோடு சீழ்க்கொப்பளம் கிளம்பினால். விடியட்டும் என்று இருக்காதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள்.

"பொண்ணு பாக்க வர்றாங்க. சொல்லலாமா?"

சொல்லுங்கள். மறைத்துக் கட்டிக்கொடுத்துவிட்டு, மாத்திரையை ஒளித்து ஒளித்துச் சாப்பிடுகிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கவலையே நோயைக் கூட்டும். மருத்துவரிடமும் திருமணச் செய்தியைச் சொல்லுங்கள். மெத்தோட்ரெக்சேட் கருவுக்கு ஆகாது. சொரியாசிஸுக்குத் தரும் இன்னொரு மருந்தான அசிட்ரெடின் சாப்பிட்டிருந்தால் நிறுத்தி மூன்று வருடம் கருத்தரிக்கக் கூடாது. ஆகவே பெண்பிள்ளைகளுக்கு அதை எழுதுமுன்பே இந்தப் பேச்சு நடக்க வேண்டும்.

"தலையில இருக்கு. சலூன்ல முடி வெட்ட மாட்டேங்கிறாங்க."

ஒட்டாது என்று என் கடை லெட்டர் பேடில் எழுதிக் கேட்டார் ஒரு தம்பி, எழுதிக் கொடுத்தேன். போகிற முந்தின இரவு எண்ணெய் வைத்து ஊறவிட்டு, காலையில் நிலக்கரித் தார் கலந்த ஷாம்பூ போட்டு அலசிப் போங்கள், செதில் கொட்டாது. கத்தரி போதும் என்று சொல்லுங்கள். சவரக்கத்தியைத் தலையில் வைக்க விடாதீர்கள்.